மஞ்சள் பூத்த சட்டி

மாமா, கவிழ்த்து வைத்திருந்த மேல் சட்டியை இரண்டு கைகளாலும் நிமிர்த்தி, அதன் உட்புறத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். சட்டியின் வயிறு முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும் மெல்லிய தூள். ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் ஊசி ஊசியாகக் கட்டியிருந்தது.

"பாத்தியா டீச்சரம்மா," என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது. "ஏறி வந்துருச்சு."

பம்புசெட் ரூமுக்குள் நாங்கள் மூன்று பேர். மாமா, அக்கா, நான். பட்டப்பகலில் கதவைச் சாத்திக் கொண்டி போட்டிருந்தார்கள். பல மாதமாக ஓடாத மோட்டாரின் மேல் அக்காவின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. 'உங்கள் ரகசியம் எனக்கு எதற்கு' என்பதுபோல அது கண்ணை மூடிக்கொண்டது.

அக்கா சட்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தீப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. அது தங்கம் இல்லை. தெரிந்துகொள்வதில் என்ன கஷ்டம்? அதை அந்த மனிதரிடம் சொல்வதில் அல்லவா இருக்கிறது கஷ்டம்.

பன்னீர் ரோஜாவும் திருப்பூரும்

அக்கா பெயர் அமலி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊரில் சவரிமுத்துவுக்கு வாக்கப்பட்டாள். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. திண்டுக்கல் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கப் போனதிலிருந்து நான் அவருக்கு 'டீச்சரம்மா'. பாதி மரியாதை, மீதி கிண்டல்.

அவர்களுக்குப் பன்னீர் ரோஜாத் தோட்டம். விடிவதற்குள் பறித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போவார் மாமா. அவர் ஏறினால் பஸ்ஸே மணக்கும். கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் போடாமல் ஒரு பூவை வாங்கி டிரைவருக்கு முன்னால் இருக்கும் சாமி படத்துக்கு வைப்பார்.

அதெல்லாம் மழை பெய்த காலத்துக் கதை. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் ஒரு பஞ்சம் வந்ததே, அப்போது வானம் எங்களை மறந்தே போனது. டவுனில் நாங்கள் கலர் கலராகக் குடத்தை வரிசை போட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்காகத் தவம் கிடந்தோம். கிராமத்தில் வேறு மாதிரி. வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. சட்டி பானையைக் கட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போனார்கள். அக்கா தெருவிலேயே பாதி வீடு பூட்டிக் கிடந்தது.

மாமா கடைசியாக ஒரு தடவை கிணற்றை ஆழப்படுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தார். தண்ணீர் வந்தால் இருப்பது, வராவிட்டால் திருப்பூர். அதை அவர் சண்டை போட்டுச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாராம். அக்காவுக்கு அதுதான் பயம். "கோவத்துல சொன்னா மாத்திருவாரு. அமைதியா சொல்லிட்டாருடி," என்றாள் என்னிடம். "பூட்டுன வீட்டுக்கு யாரு திரும்பி வந்திருக்கா, நீ சொல்லு?"

கிணறு வெட்ட ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கோஷ்டி வந்தது. கிரேன், வெடிமருந்து, கடப்பாரை தீட்ட ஒரு சின்ன உலை, அதற்குக் கையால் சுற்றுகிற காற்றாடி, எல்லாம் அவர்களிடமே இருந்தது. மேஸ்திரி சாதுவான ஆள். இந்த வேலை முடிந்ததும் நெய்க்காரப்பட்டியில் ஒரு கிணறு அவர்களுக்குக் காத்திருந்தது. அதனால் இங்கே கிடைத்தது கொஞ்ச நாள்தான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். இங்கே கிளம்பியது மஞ்சள் பூதம். வெடி வைத்துப் பாறை பிளந்ததும், வெள்ளைக்கல் நடுவில் தகதகவென்று ஒரு மஞ்சள் நரம்பு தெரிந்தது. அது கீழே போகவில்லை. கிழக்குச் சுவருக்குள் பக்கவாட்டில் ஓடியது.

மாமா கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தார். மேலே ஏறி வந்தவர், "கீழ போக வேண்டாம், செத்த நிறுத்துங்க," என்று சொல்லிவிட்டார். நரம்பின் பின்னாலேயே பக்கவாட்டில் குடைய வேண்டும் என்பது அவர் எண்ணம். குடைந்தால் இருக்கிற நாள் அதற்கே போய்விடும். தண்ணீருக்காக ஒரு முழம்கூட ஆழம் போக முடியாது.

அக்கா சாணார்பட்டி வரை நடந்து போய், டெலிபோன் பூத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். "எம்புட்டு வேலை இருந்தாலும் போட்டுட்டு வா. நீ சொன்னாத்தான் அவரு கேப்பாரு," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மிளகாய் வறுத்த வகுப்பு

இங்கே கொஞ்சம் வகுப்பறைக்குள் போய்விட்டு வருவோம். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

உலோகவியல் பாடத்தில் ஒரு கேள்வி உண்டு. வறுத்தலுக்கும் காற்றில்லா வறுத்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது? தாதுவைக் காற்றுப் படச் சூடாக்கினால் அது வறுத்தல். காற்றை அண்ட விடாமல் சூடாக்கினால் அது காற்றில்லா வறுத்தல். இவ்வளவுதான் விஷயம். ஆனால் வருஷா வருஷம் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு என் உயிரை வாங்குவார்கள். ஒருத்தி, 'காற்றில்லா வறுத்தல் என்பது ஃபேன் போடாமல் வறுப்பது' என்று எழுதியிருந்தாள். கோபப்படுவதா சிரிப்பதா?

நான் சமையலறையைக் கூப்பிட்டுக்கொள்வேன். உங்கள் அம்மா குழம்புப் பொடிக்கு மிளகாய் வறுக்கும்போது என்ன ஆகும் என்று கேட்பேன். "தெருவே தும்மும் டீச்சர்" என்பார்கள். அதுதான் வறுத்தல். சூடு படும்போது உள்ளே இருக்கிறது காற்றோடு சேர்ந்து புகையாகி வெளியே போகும். மிளகாய் வறுத்தால் தெருவுக்கே தெரியும். மூடி போட்டுச் சூடாக்கினால் ஒருத்தருக்கும் தெரியாது, சரக்கும் வேறு மாதிரி முடியும். அதற்குப் பிறகு குழம்பமாட்டார்கள். ஃபேன்காரி மட்டும் கடைசி வரை குழம்பினாள். இப்போது அவள் மதுரையில் நன்றாக இருக்கிறாள், அது வேறு.

மூடிய சட்டி செய்த மாயம்

மாமா செய்தது மூடி போட்ட வேலை. அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அவருடைய அப்பா நாட்டு வைத்தியம் பார்த்தவர். சரக்கைச் சட்டியில் இட்டு, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, இரண்டும் சேரும் வாயில் களிமண் தோய்த்த துணியைச் சுற்றி அடைப்பார். அதற்குச் சீலைமண் என்று பெயர். கீழே தீ எரியும், மேல் சட்டியில் ஈரத்துணி கிடக்கும். சூட்டில் ஆவியாகிறது மேலே ஏறி, குளிர்ந்த சட்டியில் ஒட்டும். ஒட்டியதுதான் சத்து, கீழே கிடப்பது சக்கை. சின்ன வயதில் மாமா பார்த்து வளர்ந்த வைத்தியம் அது.

அந்த வழியைப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. திறந்து வைத்து எரித்தால் வாடை வெளியே போகும். மண்ணுக்குள் தங்கம் கிடைத்தது என்று தெரிந்தால் கவர்மெண்டு வந்து நிலத்துக்கு வேலி போட்டுவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னதை மனதில் வைத்திருந்தார். நகை செய்யும் பத்தரிடமும் அதனால்தான் கொண்டு போகவில்லை. அதைவிடப் பெரிய பயம் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பையா. "அவன் மூக்குக்கு எட்டுனா அம்புட்டுதான், அய்யலூர் ஆட்டுச் சந்தை வரைக்கும் போயிரும்," என்பார் மாமா. வாய்க்கால் தகராறில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை.

அந்த மஞ்சள் கல்லுக்குப் புத்தகத்தில் இரும்பு பைரைட் என்று பெயர். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. திறந்து வறுத்திருந்தால் கந்தகம் நாற்றமடிக்கும் புகையாகப் போயிருக்கும். சட்டியில் செந்தூள் மிஞ்சியிருக்கும், முதல் நாளே மாமாவுக்கு விஷயம் விளங்கியிருக்கும். மூடிவிட்டதால் எரியக் காற்றில்லாமல், கந்தகத்தில் ஒரு பகுதி கந்தகமாகவே மேலே ஏறிப் படிந்துவிட்டது. மஞ்சள் மஞ்சளாக.

ஊருக்குத் தெரியக்கூடாது என்று மூடினார். மூடியதாலேயே ஏமாந்தார். பாவம், அந்த மஞ்சளைச் சின்னக் குப்பியில் சுரண்டிப் போட்டு மாதா படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

கொண்டியை எடுத்தவர்

'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்று சொல்லி முடித்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம்தான். அந்த முகத்துக்கு முன்னால் பழமொழி சொன்னால் நானும் ஒரு மனுஷியா?

சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். பூச்செடியில் சாம்பல் நோய் வந்தால் கந்தகத்தூள் தூவுவீர்களே மாமா, இது அதுவாக இருக்குமோ என்று கேட்டேன். அக்கா உடனே, அதே வாடைதான் என்று தானும் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னாள். மாமா இருவரையும் பார்த்தார். கடையில் விற்பது வெளுத்த மஞ்சள், அது வேறு, இது வேறு என்றார். எனக்குப் புத்தகம் தெரியும், அவர் நிலம் எனக்குத் தெரியாது என்றார். கோபமே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு திருப்பூர் என்று சொன்னாரே, அதே அமைதி.

அப்போது கதவு தட்டப்பட்டது. மேஸ்திரி.

"ஏனுங்க, கீழ போறதுங்களா, பக்கத்துல போறதுங்களா? ஒண்ணு சொல்லிப்போடுங்க. பசங்க சும்மா உக்காந்திருக்கறானுங்க."

அக்கா என் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் வளையல் என் மணிக்கட்டில் பதிந்தது. மாமா 'பக்கத்துல' என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் முடிந்தது. கிணறும் போகும், வீட்டுக்கும் பூட்டு விழும்.

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது.

"மாமா, தங்கத்தைத் தீ ஒண்ணும் பண்ணாது. நீங்க சொல்ற மாதிரி தங்கமா இருந்தா, திறந்த சட்டியில எம்புட்டு வறுத்தாலும் அப்படியே இருக்கும். வேற எதுவா இருந்தாலும் மாறிரும். வறுத்துப் பாப்போம். ஆனா வெளிய வச்சுத்தான் வறுக்கணும். புகையில உள்ள நிக்க முடியாது."

வெளியே என்றால் கருப்பையா. வெளியே என்றால் ஊர். மாமா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அவரே கொண்டியை எடுத்தார்.

நான் அதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அரைகுறையாக நம்பியவராக இருந்தால் திறந்திருக்கவே மாட்டார். அம்புட்டு நம்பினார், அதனால் திறந்தார்.

தெருவே தும்மியது

மேஸ்திரியின் உலையைக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுவந்தோம். அக்கா உரலில் கல்லை இடித்துக் கொடுத்தாள். அவள் கடலை வறுக்கும் இரும்புச் சட்டியை உலையில் ஏற்றி, இடித்ததைக் கொட்டினோம். ஈரத்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு காற்று வரும் பக்கமாக நிற்கச் சொன்னேன். மாமா காற்றாடியைச் சுற்றினார். நான் நீளக் கரண்டியால் கிளறினேன். கல்லூரி ஆய்வகத்தில்கூட இவ்வளவு பயந்து நான் எதையும் கிளறியதில்லை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம், ஒருவேளை இவர் சொன்னதுதான் சரியோ என்று. சரியாக இருக்கக்கூடாதா என்று ஒரு ஆசையும்தான்.

பிறகு சட்டிக்குள் ஊதா நிறத்தில் சின்னச் சின்னத் தீ ஓடியது. புகை கிளம்பியது. தீபாவளி அன்று விடியற்காலையில் தெரு முழுக்க நிற்குமே, அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். துண்டு இருந்தும் கண் எரிந்தது. கோழி மோட்டாரை விட்டு இறங்கி ஓடியது. காற்று திரும்பி, புகை நேராகக் கருப்பையா தோட்டத்துக்குப் போனது.

வந்தார் கருப்பையா. இருமிக்கொண்டே வந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். பூட்டாத வீடுகளில் மிச்சமிருந்தவர்கள்.

"என்னத்தப் போட்டுக் கருக்குறீக? ஊரு நிக்கவா, ஓடவா?" என்றார் கருப்பையா, மாமாவிடம் இல்லை, பொதுவாக. பிறகு உரலுக்குப் பக்கத்தில் கிடந்த மஞ்சள் கல்லைப் பார்த்தார். வந்த வழியே விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார்.

"போச்சு," என்றார் மாமா. காற்றாடியை மட்டும் நிறுத்தவில்லை.

சட்டியில் கல்லின் மினுமினுப்பு செத்துக் கருத்தது. கிளறக் கிளற, கருப்பு சிவந்தது. கடைசியில் கரண்டியில் அள்ளிக் காட்டினேன். செங்கல்லை இடித்தது மாதிரி சிவப்புத் தூள். மஞ்சள் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. மாமா அதைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கருப்பையா திரும்பி வந்தார். தோள் துண்டின் முனையில் எதையோ முடிந்திருந்தார். மாமாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு மஞ்சள் கல்.

"ஆடி மாசம் எங் கெணத்துல கெடச்சது சவரி," என்றார். பல வருஷம் கழித்து அவர் மாமாவின் பெயரைச் சொன்னது அப்போதுதான். "எம் பொஞ்சாதிக்குக்கூடச் சொல்லல. டீச்சர், இதையும் போட்டு வறுத்துருங்க. நானும் தூங்கணும்ல."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூட்டத்திலிருந்து ஒருத்தர் மெதுவாக நழுவினார். நெல்லுப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்ததோடு வந்தார். இன்னொரு அம்மா சாமி மாடத்திலிருந்து எடுத்து வந்தார். இன்னொருவர், தன்னுடையது கொஞ்சம் கூடுதல் மஞ்சள், அதனால் தனியாக வறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பஞ்சத்தில் கிணறு தோண்டிய அத்தனை பேரும் தனக்கு மட்டும்தான் கிடைத்தது என்று நினைத்து, அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எல்லார் கல்லையும் வறுத்தோம். தனியாக வறுக்கச் சொன்னவருடையதும் அதே சிவப்புதான்.

அக்கா தலையில் ஒரு பன்னீர் ரோஜா வைத்திருந்தாள். புகை பட்டு அது வெளுத்துப் போயிருந்தது. கந்தகப் புகை ஈரப்பூவின் நிறத்தை எடுத்துவிடும், அதுவும் பாடத்தில் உண்டு. மாமா தலை நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

"ஏ அமலி, ஒம் பூவு நரைச்சுப் போச்சு," என்றார். முதலில் சிரித்தது கருப்பையா. பிறகு எல்லாரும். இருமிக்கொண்டே சிரித்தோம். மாமாவும் சிரித்தார். சிரித்து முடித்து, வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு மேஸ்திரியிடம் போனார்.

"கீழ போங்க," என்றார்.

மாதா படத்துக்குப் பின்னால்

கோஷ்டி நெய்க்காரப்பட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கிணற்றில் ஊற்று கண்டது. கொட்டவில்லை, கசிந்தது. பாதித் தோட்டத்துக்குக் காணும் என்றார் மாமா. மீதிப் பாதியைக் காயவிட்டார். அந்தத் தண்ணீர் நின்ற தொட்டி ஓரமெல்லாம் செம்பழுப்பாகக் கறை பிடித்தது. இரும்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமா, "டீச்சரம்மா வறுத்தது இன்னும் வருது பாரு," என்பார்.

அவர்கள் திருப்பூர் போகவில்லை. கருப்பையா கிணறு கைவிட்டுவிட்டது. அவர் குடும்பத்தோடு போனார். போகும்போது வீட்டுச் சாவியை மாமாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். மழை பெய்து ரொம்ப நாள் கழித்து வந்து வாங்கிக்கொண்டார். அக்கா நினைத்தது தப்பு, பூட்டிய வீட்டுக்கும் ஆள் திரும்பி வரத்தான் செய்தது.

பல வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அக்கா வீட்டில் வெள்ளையடித்தோம். சாமான்களை ஒதுக்குவதற்காக மாதா படத்தை இறக்கினேன். பின்னால் மாடத்தில் ஒரு மஞ்சள் கல் இருந்தது. வறுபடாதது. ஜம்மென்று மின்னியது.

நான் மாமா ஒளித்து வைத்தது என்று நினைத்தேன். அக்கா வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாந்தான் வச்சேன். அன்னிக்கு ஒரல்ல போடாம ஒண்ணை எடுத்து மடியில முடிஞ்சுக்கிட்டேன்."

"ஏன்க்கா? நீதானே என்னைய வரச் சொன்ன?"

"ஆமா, சொன்னேன். நீ வரலேன்னா இந்த வீடு பூட்டித்தான் கெடந்திருக்கும்." கல்லை முந்தானையால் துடைத்தாள். "ஆனா இந்தக் கல்லு கெடச்சதுல இருந்து நீ வர்ற வரைக்கும் அவரு திருப்பூருங்கிற பேச்சையே எடுக்கல. அந்தப் பஞ்சத்துல அந்தக் கொஞ்ச நாளுதான்டி அவரு தூங்குனாரு. நானும் தூங்குனேன்."

படத்தைத் திரும்ப மாட்டினோம். கல்லை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதை மட்டும் வறுத்துறாத," என்றாள்.